ஈயமா, ரப்பரா

3 மே 2009, ஞாயிறு

த்வாண்டேயில் பானைக்காரர்கள் மண்ணெடுத்துவிட்டுப் போன குழி. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. எனக்கு ஒரு விரால், பொன்னுத்துரைக்கு நான்கு. தண்ணீர் மேலெல்லாம் ஆகாயத்தாமரை, அடியில் யாரோ அடித்துவைத்த மூங்கில் முளைகள். என் ஜிக் இரண்டு தடவை முளையில் மாட்டித் தூண்டில் நரம்போடு அறுந்து போயிற்று. ஈயத்தலை வைத்த கொக்கி என்றால் அப்படித்தான், பொத்தென்று அடிக்குப் போய் எதையாவது பிடித்துக்கொள்ளும். அவனுடையது பாங்காக்கிலிருந்து வந்த ரப்பர் புழு. கொக்கி முனை ரப்பருக்குள் ஒளிந்திருப்பதால் செடிமேல் வழுக்கிக்கொண்டு போகிறது.

"மச்சான், இன்னும் அந்த ஈயத்தையே கட்டிக்கிட்டு அழுறீங்களே" என்றான். பொன்னுத்துரை என் பெண்டாட்டி கனகத்தின் தம்பி. சிரித்து வைத்தேன்.

மகன் ராமு தாய்லாந்து எல்லை வழியாக மலேசியாவுக்குப் புறப்பட்டு இன்றோடு எண்பத்தொரு நாள். ஒரு சேதியும் இல்லை. "வழியில இருக்கான்" என்கிறான் அவனை அனுப்பிய ஏஜெண்டு. எந்த வழியில்? எண்பத்தொரு நாள் நடந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே.

8 மே

கசோன் பௌர்ணமி, பர்மாக்காரர்களுக்குப் புத்தர் பிறந்த நாள். கனகம் உயிருள்ள விராலாக இருபத்து மூன்று வாங்கினாள். ராமுவுக்கு வயது இருபத்திரண்டு. வயதுக்கு மேல் ஒன்று சேர்த்துப் புண்ணியத்துக்காகத் தண்ணீரில் விடுவது இந்த ஊர் வழக்கம். இரண்டு தகர டின்களில் வைத்து, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீன் போய், புத்த மடத்துக் குளத்தில் விட்டோம்.

படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அவன் குரலை நான் கேக்குற வரைக்கும் நம்ம வீட்டுக் கையால ஒரு விரால் சாகக்கூடாது."

நம் வீட்டில் விரால் பிடிக்கிற கை எத்தனை இருக்கிறது? நேரே என்னிடம் சொன்னால் என்ன?

9 மே

கனகத்திடம் கேட்டேவிட்டேன். "பிடிச்சு, உயிரோட திரும்ப விட்டா?"

"உயிரோட விடுவீங்களா?"

"விடுவேன்."

"அப்பப் போங்க."

ஐம்பத்து மூன்று வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அனுமதி கேட்டு நிற்கிறேன். ஆறு நாள் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் மூட்டைப் புழுதி. ஏழாவது நாளும் வீட்டில் உட்கார்ந்து ராமுவின் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

17 மே, ஞாயிறு

உயிரோடு விட வேண்டுமென்றால் ஜிக்தான். விரால் கவ்வியதும் பல்லில் ஈயம் தட்டும், உடனே துப்பப் பார்க்கும். அந்த நொடியில் சுண்டினால் கொக்கி மேலுதட்டில் ஏறும். கழற்றி விட்டால் ஓடிவிடும். ரப்பர் அப்படியில்லை. மெத்தென்று இருப்பதால் இரை என்றே நம்பி மென்று விழுங்கிவிடும். கொக்கி தொண்டைக்குள். அப்புறம் எங்கே உயிரோடு விடுவது?

இன்று ஜிக் மட்டுமே போட்டேன். ஒன்று கவ்வியது, சுண்டுவதற்குள் துப்பிவிட்டது. பொன்னுத்துரைக்கு ஆறு.

31 மே

ஜிக். ஒன்றுமில்லை. முளையில் போனது மூன்று.

7 ஜூன்

ஏஜெண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வீட்டில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். கனகத்திடம், அவன் வெளியூர் போயிருக்கிறான் என்றேன்.

குழியில் இன்றும் பூஜ்யம். பொன்னுத்துரை ஒரு பொட்டலம் ரப்பர் புழுவை என் பைக்குள் திணித்தான். "அக்கா என்ன வந்து பாக்கவா போறா?" பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

14 ஜூன்

போட்டேன். ரப்பரைத்தான் போட்டேன்.

ஒன்பது மணி வரை ஜிக். அவன் ஒவ்வொரு மீனையும் தூக்கி என் பக்கம் காட்டிக் காட்டிப் பைக்குள் போட்டான். எனக்கு வயிறு எரிந்தது. மகன் எங்கே என்று தெரியாதவனுக்கு மீனைப் பார்த்து வயிற்றெரிச்சல்! கட்டிவிட்டேன். மூன்றாவது வீச்சிலேயே செடிக்கு நடுவே தண்ணீர் பொளேரென்று வெடித்தது. பெரிசு. என் முழங்கை நீளம். அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டேனா? பட்டேன். எல்லாம் மறந்துபோச்சு, ராமுகூட.

வாயைத் திறந்து பார்த்தால் நரம்பு மட்டும் தெரிகிறது. புழு உள்ளே போயிருந்தது. நரம்பை அறுத்தேன், தண்ணீருக்குள் வாலைப் பிடித்துக்கொண்டு ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். செவுளிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. கையை எடுத்ததும் புரண்டது. ஏன் சுண்டாமல் இருந்தேன்? முதல் இழுப்பிலேயே சுண்டியிருந்தால் — இல்லை, அது பொய். தப்பிவிடுமோ என்று பயந்து, விழுங்கட்டும் என்றுதான் விட்டேன்.

"செத்தது செத்துப்போச்சு, குடுங்க மச்சான்" என்று பொன்னுத்துரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் கனகம் கேட்டாள். "எதாவது கிடைச்சுதா?"

"ஒண்ணு. விட்டுட்டேன்."

தலையாட்டினாள். சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

15 ஜூன்

வேலைக்குப் போனேன்.

21 ஜூன்

குழிக்குப் போகவில்லை. மழை என்று சொன்னேன்.

மார்க்கெட்டில் பல்கீஸ் கூப்பிட்டாள். கனகத்துக்கு வழக்கமாக மீன் கொடுக்கிறவள். "அக்கா செவ்வாக்கிழமை உயிரோட ஒரு விரால் வாங்கிட்டுப் போனாங்களே, கொழம்பு நல்லா வந்துச்சா?"

நல்லா வந்தது என்றேன். எங்கள் வீட்டு அடுப்பில் விரால் ஏறி ஒன்றரை மாதமாகிறது. செவ்வாய் மாலை நான் வந்தபோது தகர டின் ஈரமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை மடத்துக் குளத்தில் விட வட்ட ரயிலில் தனியாகப் போய் வந்திருக்கிறாள். என் சட்டையைத் துவைத்தவள் அவள்தான். ரத்தம் கைமடிப்பில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

அவள் சண்டை போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாவது சொல்லலாம். சொல்லவில்லை.

28 ஜூன்

இன்றும் இருவரும் பேசவில்லை. பேசினோம்: உப்பு, மழை, மின்சாரம்.

12 ஜூலை, ஞாயிறு

ராமு இருக்கிறான்!

காலை பத்து மணிக்கு எதிர்க்கடை அப்துல் பாரி தெருவிலிருந்தே கத்தினார், "மலேசியா போன்!" கனகம் செருப்பில்லாமல் ஓடினாள். எல்லையைத் தாண்டியதும் ஏதோ காட்டுக் கொட்டகையில் மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தார்களாம். இப்போது பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். அவள் அழுதாள், சிரித்தாள், என்னென்னவோ சொன்னாள். நான் கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. பிறகு என் கையில் போனைக் கொடுத்தாள்.

"அப்பா, எனக்காக ரெண்டு மாசமா ஒரு விரால்கூட சாக விடலையாமே? அம்மா சொன்னாங்க. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்பா."

கனகத்தைப் பார்த்தேன். அவள் பிஸ்கட் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா" என்றேன்.

திரும்பும்போது நாலடி முன்னால் நடந்தாள். "கனகம்" என்று கூப்பிட்டேன். நின்றாள், திரும்பவில்லை.

"செத்த மீனுக்கு வேற மீன் வாங்கி விட்டுட்டேன். அவன் மனசுல இருக்கிற அப்பாவுக்குப் பதிலா நான் யாரைக் கொண்டுவந்து நிறுத்துறது? அதான் அப்படிச் சொன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.