தண்ணீர் விடும் நேரம்

இன்று காலை எட்டரைக்குச் சங்கு ஊதியபோது அணைக்கட்டு ஊரிலிருந்து பெண்களை ஏற்றிவரும் பேருந்து ஆலை வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் இறங்கியவள் ரேவதி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருப்பவள், உனக்கு நன்றாகத் தெரிந்தவள். அவள் புடவையின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு நனைந்திருந்தது. அவ்வளவு தூரம் வந்தும் காயவில்லை.

"இன்னா ரேவதி, அங்க மழையா?" என்று கேட்டேன்.

"மழை எங்க மேடம்! தண்ணி வுட்டான். புடிச்சு வச்சுட்டு ஓடியாறேன்."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்த ஈரத்தைப் பார்த்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். இந்தச் சங்கு இன்னும் எட்டரைக்கே ஊதுகிறது என்றால் அது உன்னால்தான். புதிதாக வந்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் பேசுவதில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஆம்பூரில் இந்த ஆலையின் மாடி அறையில் நம் மேசைகள் ஒட்டியே கிடந்தன. எனக்கு ஏற்றுமதிக் கடிதங்கள், உனக்குச் சுற்றுச்சூழல் பிரிவு. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், கரியமிலப் புகையைக் குறைத்தால்தான் அடுத்த ஆர்டர் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி பெரிய பாய் நம் இருவரையும் கூப்பிட்டார். "மத்த நாட்ல எல்லாம் இன்னா பண்றாங்க, எப்படிப் பண்றாங்க, படிச்சுட்டு சொல்லுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க நாடு நாடாகப் போய்வந்தோம்.

எந்த நாடு எவ்வளவு குறைத்தது என்று நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "இது பரீட்சை மார்க்கு மாதிரி இருக்குடி" என்றாய். உன் பிரிப்பே வேறு. கேட்டுவிட்டுச் செய்த ஊர், செய்துவிட்டுக் கேட்ட ஊர், கேட்கவே கேட்காத ஊர். டென்மார்க்கில் காற்றாலை வரும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு அதில் பங்கு கொடுத்தார்கள் என்று படித்தபோது நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாய். "தன்னோட காத்தாடின்னா அதோட சத்தம் காதுல விழாது பாரு!" ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவது பற்றிப் பேச, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தையும் அந்தப் பகுதி ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். ஆண்டுகள் இழுத்தது. எனக்கு அது தாமதமாகத் தெரிந்தது, உனக்கு மரியாதையாகத் தெரிந்தது. பிரான்சில் எரிபொருள் வரியை ஏற்றினார்கள், ஜனம் ரோட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் சாதாரண ஆட்களைக் குலுக்கலில் எடுத்து உட்காரவைத்து யோசனை கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் பலவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்று படித்ததும் நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாய். "கேக்காம இருந்தா ஒரு கோவம். கேட்டுட்டு எடுத்துக்கலன்னா ரெண்டு கோவம்."

சீனாவின் வேகத்தைச் சொல்லி நான் உன்னோடு வாதாடியிருக்கிறேன். வெயில் இப்படி ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கிறதா என்று. நீ ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாய். அந்தத் திசையில் தோல் கழிவு கலந்த பாலாறு. "அப்பவும் அவசரம்தான்டி. ஏற்றுமதி அவசரம். ஆத்தோரம் கெணறு வச்சிருந்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" நான் முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் அந்தச் சந்தேகம் எனக்குப் பாதி இருக்கிறது.

ஊருக்கெல்லாம் புகைக்கணக்கு பார்த்த உன் ஸ்கூட்டர் மட்டும் கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி புகைவிட்டுக்கொண்டு வரும். வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உனக்குக் கேட்டைத் திறப்பார்.

பிறகு சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கூரை முழுக்க சோலார், அதற்கேற்ப ஷிப்டு மாற்றம். காலை ஆறரைக்குத் தொடங்கி, வெயில் இறங்குவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிட்டால் மாலையில் டீசல் ஜெனரேட்டரே வேண்டாம். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அணைக்கட்டுப் பேருந்து ஐந்து மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். வர முடியாதவர்கள் நின்றுவிடுவார்கள், புது ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் எழுதியிருந்தார். அந்தப் பேருந்தில் வருகிற அத்தனை பெண்களின் வேலையும் அந்த ஒரு வரியில் தொங்கியது.

தொழிலாளர் கருத்து கேட்க வேண்டும் என்று வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் நிபந்தனை போட்டிருந்ததால் அவர் ஒரு கூட்டமும் வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு! ஆம்பூரில் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எந்த ஆலையில் ஆம்பளைகள் இருப்பார்கள்? சூப்பர்வைசர்கள், மேனேஜர், பெரிய பாய் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள். "நேரத்தை மாத்தச் சொல்லுடி, பேஜாராயிடும்" என்றேன். நீ கண்ணடித்தாய். "அவங்களுக்கு சாயங்காலம் இன்னொரு கூட்டம் வைக்கச் சொல்லியாச்சு. இது இப்படியே இருக்கட்டும். சூப்பர்வைசர் நிக்கிற எடத்துல எந்தப் பொம்பள வாயத் தொறப்பா?"

கேன்டீனில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் படம் படமாகக் காட்டினார். டென்மார்க், ஜெர்மனி, நாம் படித்த அதே ஊர்கள். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார். யாரும் பேசவில்லை. சூப்பர்வைசர் இல்லாத இடத்திலும் பேச்சு வரவில்லையே என்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து நீ எழுந்தாய்.

"சார், ஒரு சந்தேகம். இந்த ஊர்ல எல்லாம் தெருவுல தண்ணி எத்தனை மணிக்கு விடுவாங்க?"

அவர் குழம்பிப்போனார். "அங்க எல்லா நேரமும் வரும் மேடம்."

"எல்லா நேரமுமா!" என்று ஒரு குரல். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் ரேவதி எழுந்துவிட்டாள். "எங்களுக்கு ஆறு மணிக்கு வுடறான் சார். அதுவும் ஒரு நாள் வுட்டு ஒரு நாள். நான் அஞ்சு மணி பஸ்ல ஏறிட்டா எங்க வூட்ல யாரு புடிப்பா, உங்க கவர்மெண்டா?" அதன் பிறகு யார் முதலில் பேசுவது என்றே சண்டை. பள்ளிக்கூட வேன், பால் கறக்கிற மாடு, இருட்டில் பஸ் நிறுத்தம் வரை நடக்கிற பயம். நடுவே, "சோலார் வேணாம்னு நாங்க சொல்லல. எங்களுக்கும் வெயில்ல வேவுது" என்றாள் ஒருத்தி.

தொழுகை முடிந்து வந்த பெரிய பாய் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைச் சட்டைப்பையில் வைத்தபடி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "சரிம்மா, அப்போ இன்னா பண்லாம்?" என்றார். நீ தயாராக இருந்தாய். தையல் மெஷினுக்குக் கரண்ட் கம்மி. ஜாஸ்தி இழுப்பது கம்ப்ரசரும் சூடேற்றும் அடுப்பும் பிரஸ் மெஷினும். அவற்றை மட்டும் உச்சி வெயில் நேரத்துக்கு நகர்த்தலாம் என்றாய். "வெயிலுக்குப் பின்னால மெஷின் ஓடட்டும் பாய். மனுஷங்க ஏன் ஓடணும்?"

ஷிப்டு நேரம் மாறவில்லை. டீசல் முழுதாக நிற்கவில்லை, குறைந்தது. ஆலோசகர் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஆனால் அணைக்கட்டுப் பேருந்தில் ஓர் இருக்கை காலியாகவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று நீ அதிகம் பேசவில்லை. தரை துடைக்க வந்த அம்மாவிடம் மட்டும், "உங்க தெருவுல எப்பம்மா தண்ணி?" என்று கேட்டாய். அந்த அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக நின்று வெகுநேரம் பேசினார். நீ கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் மேசை இப்போது என்னிடம். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து புதிதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. விறகு பாய்லரை எடுத்துவிட்டு மின்சார பாய்லர் வைக்க வேண்டுமாம். படத்தில் இதுவும் அழகாகத்தான் இருக்கிறது. விறகு இறக்கி அடுக்கும் ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று ரேவதி உள்ளே போனதும் நான் மாடி ஏறவில்லை. நேராக பாய்லர் பக்கம் போனேன். மேடம் எதற்கு இங்கே வந்தார் என்று அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கேள்விதான் வாயில் வந்தது.

"உங்க தெருவுல தண்ணி எத்தனை மணிக்குங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவர் சும்மாட்டுத் துண்டை உதறினார்.

"எங்க தெருவுல கொழாயே இல்ல மேடம். உக்காருங்க, சொல்றேன்."

விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தேன்.