மாற்றிவிட ஆள் வரும்வரை

என் ராணிக்கு,

சேதி நிறைய இருக்கிறது. நான் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், "நல்லத மொதல்ல சொல்லுங்க, மத்தத சோறு தின்ன பெறவு சொல்லுங்க" என்பாய். இந்தத் தடவை எது நல்லது, எது மற்றது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிக்கொண்டு போகிறேன். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில், மாடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பதறாதே, எனக்கு ஒன்றுமில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நம் குற்றாலம் கோயிலில் வழக்கம்போல நற்கருணை ஆராதனை வைத்தார்கள். காலைப் பூசை முடிந்து ஃபாதர் நற்கருணை அப்பம் இருக்கும் கதிர்ப்பாத்திரத்தைப் பீடத்தில் எடுத்து வைத்துவிட்டால், சாயங்காலம் அவரே வந்து ஆசீர் கொடுத்து உள்ளே வைக்கிறவரை ஆண்டவரைத் தனியாக விடக் கூடாது. மணிக்கு ஒருவராக முறை போட்டு உட்காருவார்கள். மூன்று மணி உன்னுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அதை நீ யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் வெளியே வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு, நேரம் ஆக ஆக ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன். பஸ் ஓட்டிய கை சும்மா இருக்குமா? ஒரு தடவை எரிச்சலில் கேட்டேன், அப்படி என்னதான் பேசுவாய் அவரிடம் என்று. "பஸ்சுல பக்கத்து சீட்டுல இருக்கவகிட்ட வழியெல்லாம் பேசிக்கிட்டேவா வாரோம்? சும்மா கூட உக்காந்து வாரதில்லியா? அது மாதிரிதான்" என்றாய். பஸ்காரனுக்கு பஸ்ஸை வைத்தே பதில். எனக்குப் புரியவும் இல்லை, புரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

போன தவக்காலத்தில் உன்னை ஐ.சி.யூ.வில் போட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நீ, வெளியே நான். கெஞ்சிக் கூத்தாடியதில் நர்ஸ் கொஞ்ச நேரம் உள்ளே விட்டாள். நீ முகத்தில் இருந்த மாஸ்க்கை விலக்கிச் சொன்னாய்: "கிறிஸ்மசுக்கு என் மணிய காலியா போட்டுராதிய." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே உனக்கு என்று கோபம். அன்றைக்குச் சாயங்காலம், அந்தக் கதவு சாத்தியிருக்கும்போதே நீ போய்விட்டாய். பக்கத்தில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. நான் தட்டினேன், யாரும் திறக்கவில்லை.

கோபம் இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. உன் மணிக்குப் போனேன்.

அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டுகிறது, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் அமலிக்கு எட்டாம் மாசம் ஓடிக்கொண்டிருந்தது. கால் வீங்கி, தலைவலி என்று சொன்னாள். காலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, துணைக்கு உன் தங்கச்சி லூர்துவை இருத்திவிட்டு வந்தேன். மாப்பிள்ளை முத்துக்குமார் போலீஸ்காரர் அல்லவா, சிவகிரியில் பண்டிகை பந்தோபஸ்து. லீவு கேட்டிருக்கிறார், யாராவது மாற்றிவிட்டால்தான் வர முடியும். உன் மணி முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மிக்கேல் அண்ணாச்சி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். ஃபாதரும் பாட்டுக் கோஷ்டியும் மலையடிவாரத்துக் கிளை ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். கோயிலில் நான் மட்டும்தான். முழங்கால் போட்டேன், வலித்தது, உட்கார்ந்தேன். பீடத்தில் தங்க நிறக் கதிர்களுக்கு நடுவே வட்டக் கண்ணாடி, அதற்குள் வெள்ளை அப்பம். ஓரமாகக் கிறிஸ்துமஸ் குடில். மாதாவும் சூசையப்பரும் நிற்க, நடுவில் வெறும் வைக்கோல். பாலனை நடுச்சாமப் பூசையில்தானே வைப்பார்கள்? எனக்கு வேடிக்கையாக இருந்தது. அங்கே இன்னும் பிறக்கவே இல்லை, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீரே என்று அவரிடம் கேட்டேன். நீ இருந்திருந்தால் இடுப்பில் கிள்ளியிருப்பாய்.

உன் மணி முடிகிற நேரம், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. லூர்து.

"அத்தான், அமலிக்கு பிரஷர் எக்கச்சக்கமா ஏறிருச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரம்மா சொல்லுதாவ. இவ தியேட்டருக்குள்ள போவ மாட்டேங்கா. அப்பா வந்தாத்தான் போவேன்னு கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுவுதா. டாக்டரம்மா சத்தம் போடுதாவ. சீக்கிரம் வாங்க அத்தான்!"

அடுத்த மணிக்கு வரவேண்டியது ஸ்டெல்லா டீச்சர். போன் போட்டேன். "அண்ணே, ரோட்டுல தண்ணி ஓடுது. பஸ் முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் போவ முடியல. இருங்க, எப்படியும் வந்துருதேன்" என்றார்கள். ஃபாதருக்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. மிக்கேல் அண்ணாச்சியிடம் போனே கிடையாது. வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். மழையில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பீடத்தைத் திரும்பிப் பார்த்தபடியே ஓடினேன், பார்த்தபடியே திரும்பி வந்தேன்.

நீ கேட்கலாம், பெற்ற பிள்ளை கூப்பிடுகிறாள், எழுந்து ஓட வேண்டியதுதானே என்று. எனக்கும் தெரியும். ஆனால் மாற்றிவிட ஆள் வராமல் சீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று உடம்பில் ஊறிப்போன புத்தி. அது மட்டும் என்றால் உதறிவிட்டு ஓடியிருப்பேன். நீ வாயைத் திறந்து என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதில் எப்படிக் கை வைப்பேன்?

மூடி வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன். பீடத்தின் ஓரத்தில் வெள்ளைத் துணி மடித்து இருந்தது. படியேறிக் கையில் எடுத்தும்விட்டேன். அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை போனதே இல்லை ராணி. ஃபாதர் எடுத்து வைத்ததை மூட நான் யார்? துணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அப்புறம் சண்டை போட்டேன். வாய்விட்டுத்தான் போட்டேன். "அவளத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சு எடுத்துக்கிட்டீரு. இப்ப எம் மவளயுமா? உமக்குத் தொண தொணன்னு என்னய இங்கன கட்டிப் போட்டுட்டு, அவளுக்கு யாருவே தொண?" என்று கத்தினேன். ஆண்டவரைப் போய், கூடப் படித்தவனைப் போல 'வே' போட்டுப் பேசிவிட்டேன். கோயில் முழுக்க என் சத்தம்தான் கேட்டது. அவர் அப்படியே இருந்தார்.

மறுபடியும் போன். இந்தத் தடவை அமலியே பேசினாள்.

"அப்பா, அம்மாவ மாதிரி என்னயும் உள்ள கொண்டு போயி கதவ சாத்திருவாவளா?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். "நான் போறேன். நீரு என்ன வேணும்னாலும் நெனச்சுக்கிடும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். உன்னிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அழுதுகொண்டேதான் நடந்தேன்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது யார் என்று நினைக்கிறாய்? நம் சம்பந்தியம்மா, இலத்தூர் கோமதியம்மாள்.

உனக்கு மறந்திருக்காது. கல்யாணத்தன்று மகனை உள்ளே அனுப்பிவிட்டு, கோயில் கேட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷி. "எம் மவன் ஆசப்பட்டுட்டான், செய்யட்டும். இந்தப் படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னவர். நீ பாயசம் கொண்டுபோய் நீட்டியதற்கும் வாங்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு ஒரு பேச்சு கிடையாது. அந்த அம்மாள் இலத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர், எனக்கு விடாமல் போன் போட்டு, லைன் கிடைக்காமல், நான் கோயிலில் இருப்பதை லூர்து சொல்லக் கேட்டு, ஆட்டோவை இலஞ்சி வழியாக இங்கே திருப்பச் சொல்லியிருக்கிறார்.

கேட்டருகிலேயே நின்று சத்தம் போட்டார். "அண்ணாச்சி! புள்ள அங்க கெடந்து அப்பா அப்பான்னு அழுவுதா. நீங்க இங்கன என்ன செய்யுதீய?"

அவர் வாயிலிருந்து எனக்கு 'அண்ணாச்சி' என்று முதல் தடவையாக வருகிறது. "வாரேன் சம்மந்தியம்மா. மாத்தி விட ஆள் வரல. சாமியத் தனியா விடக் கூடாது, அதான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று காத்திருந்தேன்.

அவர் திட்டவில்லை. என் தோளுக்கு மேல் உள்ளே பார்த்தார். "தொறந்து வச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நட தொறந்திருக்கப்ப சாமிய ஒத்தையில விடலாமா? எங்க கோயில்லயும் விட மாட்டாவ." செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டார். "நான் இருக்கேன். என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா கூட இருந்தாப் போதும்."

படியில் ஒரு காலை வைத்தவர் சட்டென்று நின்றார். "நான் இருந்தா உங்க சாமி கோவிக்குமா அண்ணாச்சி?"

மறை தெரிந்தவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. நான் கோவிக்காது என்று சொன்னேன். இவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சையே பொறுத்துக்கொண்டவர் இவரையா கோவிப்பார்? கோமதியம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் ஆட்டோவில் ஏறினேன்.

அமலி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "கதவுக்கு இந்தப் பக்கம் அப்பா நிக்கேன், நகர மாட்டேன்" என்று சொன்ன பிறகுதான் கட்டில் கம்பியை விட்டாள். உள்ளே கொண்டுபோனார்கள், கதவைச் சாத்தினார்கள். நான் அங்கே நின்ற நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது ராணி. உனக்குத் தெரியும். அன்றைக்கு உன் கதவுக்கு வெளியே நின்ற அதே ஆள்தான்.

பெண் குழந்தை. நீ பாட்டியாகிவிட்டாய். கையில் கொடுக்கவில்லை, காட்டிவிட்டு ஓடினார்கள். எடை போதவில்லை, மூச்சுத் திணறுகிறது, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள். அமலிக்கும் பிரஷர் இறங்குவதற்குள் எங்கள் உயிர் போய் வந்தது. மாப்பிள்ளை யூனிஃபார்மோடு நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

இருட்டுகிற சமயம் ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து போன். "அண்ணே, நான் வந்து ரொம்ப நேரமாச்சு. இந்தம்மா எந்திரிக்க மாட்டேங்காவ. நான் இருக்கேன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எவ்வளவோ சொல்லிட்டேன். அண்ணாச்சி என்ன நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு, அவரு சொன்னாத்தான் எந்திரிப்பேன்னு தரையிலயே இருக்காவ."

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "சம்மந்தியம்மா, பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் இருக்காவ. எந்திரிச்சு வாங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. கல்லு மாதிரி மனுஷி என்று நாம் சொல்வோமே, அந்த மனுஷி. அமலி உள்ளே இருந்த நேரமெல்லாம், "நான் இங்க இருக்கேன், நீரு அங்க போயி இரும்" என்று பீடத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். எனக்குச் சண்டை போடத்தான் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அவரை அனுப்பி வைக்கத் தெரிந்திருக்கிறது.

ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா கடைசி வரைக்கும் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். இருந்தார்கள் என்றேன். தலையாட்டினார்.

இன்றைக்கும் குழந்தை பெட்டிக்குள்தான். டாக்டரம்மா உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நேற்று இரண்டு தடவை மூச்சு நின்று வந்தது. எங்களை மணிக்கு ஒருவராக உள்ளே விடுகிறார்கள். தொடக் கூடாது, பேசக் கூடாது, ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். என் முறை முடிகிற நேரத்துக்குக் கோமதியம்மாள் டாணென்று வந்து நின்று, "மாத்தி விடட்டா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்திருக்கிறேன்.

கண்ணாடி என்றாலே பற்றி எரிந்துகொண்டிருந்தவன் நான். இந்தக் கண்ணாடி முன்னால் மட்டும் கோபம் வரவில்லை. பேத்தி அந்தப் பக்கம் மூச்சு விடுகிறாள், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். ஒன்றும் பேசுவதில்லை. நீ பஸ்ஸை வைத்துச் சொன்னது இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு ஐ.சி.யூ.வில் நீ ஒத்தையில் போகவில்லை, பக்கத்து சீட்டில் ஆண்டவர் இருந்திருப்பார் என்றுகூட இப்போது நினைக்கத் தோன்றுகிறது. இருந்தாரா ராணி?

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் உன் மணியைக் காலியாகப் போட மாட்டேன். இவள் பிழைத்து வந்தால் இவளையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருவேன். வராமல் போனாலும் போவேன். சண்டை போடவாவது போவேன், அவரைத் தனியாக விட மாட்டேன். நர்ஸ் கூப்பிடுகிறாள், என் முறை வந்துவிட்டது.

மாற்றிவிட ஆளில்லாத உன் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன், அமலியின் அப்பா,
சூசை