ஜாங்கிரி குரைத்த நாள்

கழக்கூட்டம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜானவி நமஸ்காரம். போனில் ஆரம்பிச்சா நமக்குள்ள சண்டையிலதான் முடியறது. நேத்தும் அப்படித்தானே! கடிதத்துல நீங்க குறுக்கே பேச முடியாது பாருங்கோ.

புதன்கிழமை மறுபடியும் வலிப்பு வந்து குளியலறையில விழுந்தேன். கூட இருக்கற ரெம்யாதான் தூக்கினா. சித்திரையில அவளுக்குக் கல்யாணம். அப்புறம் இந்த ஃப்ளாட்டில் நான் தனி. உடனே "வேலையை விட்டுட்டு ஸ்ரீவராகத்துக்கு வா"ன்னு ஆரம்பிக்காதீங்கோ. அந்த வேலை ஒண்ணுதான் நான் நோயாளி இல்லைன்னு எனக்குச் சொல்றது.

வலிப்புக்காரர்களுக்குத் துணையா நாயைப் பழக்கறா அப்பா. விழுந்தா, ஆள் வர்ற வரைக்கும் குரைக்கும், பக்கத்திலேயே படுத்துக்கும். எங்கே கேட்டாலும் கண் தெரியாதவாளுக்குத்தான் உண்டுன்னு கையை விரிச்சா. கடைசியில கல்லாறில் சத்தியதாஸ்னு ஒருத்தர் கிடைச்சார், போலீஸ் நாய்களைப் பழக்கினவர். அவர் கேட்டது ஒண்ணுதான்: நான் போற வீட்டிலெல்லாம் நாயும் வரணும். எனக்குப் போற வீடு உங்க வீடு ஒண்ணுதானே. சரின்னு சொல்லுங்கோ.

உங்கள்
ஜானவி


ஸ்ரீவராகம்
19 ஜனவரி 2025

சி. ஜானவிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நன்னா இருக்குடி நியாயம்! விடியக்காலம் குளிச்சு ஈர வேஷ்டியோட கோயில் வேலைக்குப் போறவன் வீட்டுல நாயா? தெருவே சிரிக்கும். உங்கம்மா இருந்திருந்தா உன்னை இப்படிப் பேச விட்டிருப்பாளா?

பெத்த அப்பன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னை நம்பாம நாயை நம்பறே. அதுதான் எனக்குப் பொறுக்கலை, கேட்டியா.

கொல்லையில விறகுப்புரைக் கொட்டகை காலியாத்தான் கிடக்கு. அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதே. மாத்திரையை நேரத்துக்குப் போடு. உனக்குப் பிடிக்குமேன்னு நார்த்தங்காய் போட்டிருக்கேன்.

அப்பா
ஆனந்தகிருஷ்ணன்


கழக்கூட்டம்
8 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

விறகுப்புரையைச் சொன்னதே பெரிசு. உங்களுக்குக் கோடி நமஸ்காரம்!

நாய் வந்தாச்சு. வாலைச் சுருட்டி வச்சிருக்கறதால ஜாங்கிரின்னு பேர். சிரிக்காதீங்கோ. போன வாரம் அடுக்களையில விழுந்துட்டேன். கண் முழிச்சா, நான் சாவி கொடுத்து வச்சிருக்கற எதிர் ஃப்ளாட் அஜின் தலைமாட்டுல நிக்கறார், ஜாங்கிரி என் கன்னத்தை நக்கிண்டிருக்கு. குரைச்சுக் குரைச்சு அவரைக் கூப்பிட்டிருக்கு. எத்தனை வருஷம் கழிச்சு நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கறேன், தெரியுமா?

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்கோ. அது குரைச்சா யாரும் திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. பயந்துட்டா அப்புறம் குரைக்காதுன்னு சத்தியதாஸ் திருப்பித் திருப்பிச் சொன்னார். அது சும்மா குரைக்கற ஜாதி இல்லை. குரைச்சா முதல்ல என்னைத் தேடுங்கோ.

உங்கள்
ஜானவி


ஸ்ரீவராகம்
20 ஆகஸ்ட் 2025

சி. ஜானவிக்கு ஆசீர்வாதம்.

அம்மா திவசம் செப்டம்பர் பதினொண்ணாம் தேதி வர்றது. பிள்ளை இல்லாத குறைக்கு நான்தான் பண்ணறேன். நீயும் இல்லேன்னா வீடு வெறிச்சோன்னு இருக்கும்.

உன் ஜாங்கிரியையும் கூட்டிண்டு வா. அதுக்குன்னு ஒரு கிண்ணம் வாங்கி வச்சிருக்கேன். பக்கத்தாத்து சரோஜம் மாமி பார்த்துட்டு, "என்ன அண்ணா, நாய்க்குத் தாத்தா ஆயாச்சா?"ன்னு கேட்டா. போறது, கேக்கட்டும். அன்னிக்கு எதுவும் மேல படாம மடியா இருக்கணும், அதனால அது கொல்லையோட நிக்கணும், அவ்வளவுதான்.

அப்பா


கழக்கூட்டம்
27 செப்டம்பர் 2025

அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில நான் ஏன் முகத்தைத் திருப்பிண்டேன்னு மாமிகிட்டக் கேட்டேளாம். சொல்றேன்.

அன்னிக்கு ஜாங்கிரி என் கையை நக்கினதுன்னு, "மடி போச்சு, மறுபடி குளிச்சுட்டு வா"ன்னு என்னைக் கொல்லைக் குளியலறைக்கு அனுப்பினது நீங்க. உள்ளே விழுந்தேன். மீதியெல்லாம் மாமி சொல்லித்தான் தெரியும். வெளியில பலாமரத்துல கட்டியிருந்த அது குரைச்சது. அப்பதான் நீங்க காக்காய்க்குப் பிண்டம் வச்சுட்டு நின்னிருந்தேள். அம்மாவே காக்காயா வந்து மதில்ல உட்கார்ந்திருக்கா, நாய் விரட்டறதுன்னு உங்களுக்குத் தோணித்து. விறகுக் கட்டையால அடிச்சு, புரையில தள்ளிக் கதவைச் சாத்தினேள். உள்ளே இருந்தும் அது குரைச்சிருக்கு. காக்காய் சாப்பிட்டப்புறம்தான் நான் இல்லைன்னு பார்த்தேள். எழுதியிருந்தேனே அப்பா. குரைச்சா என்னைத் தேடுங்கோன்னு எழுதியிருந்தேனே.

தலைத் தையல் ஆறிடும். முந்தாநாள் இங்கே விழுந்தேன். முழிச்சப்போ ஜாங்கிரி கட்டிலுக்கடியில நடுங்கிண்டு கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. சத்தியதாஸ் வந்து கூட்டிண்டு போயிட்டார். இனிமே அது இந்த வேலைக்கு ஆகாதாம்.

செத்துப்போன அம்மாவுக்காகக் காத்துண்டு நின்னேள். இனிமே எழுதாதீங்கோ. போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

ஜானவி


ஸ்ரீவராகம்
29 அக்டோபர் 2025

என் கண்ணே ஜானவி,

எழுதாதேன்னுட்டே. எனக்கு வேற வழி தெரியலைடி.

ஞாயித்துக்கிழமை கல்லாறுக்குப் போனேன். கிண்ணத்தையும் கொண்டு போனேன். ஜாங்கிரி என்னைப் பார்த்ததும் சத்தியதாஸ் காலுக்குப் பின்னால ஒளிஞ்சுடுத்து. தடவிக் கொடுக்கலாம்னு கையைத் தூக்கினேன், தரையோட தரையா அப்படியே படுத்துடுத்து. "ஒரு தடவை குரைச்சுடும்மா"ன்னு நாய் முன்னாடி உட்கார்ந்து அழுதேன். பார்த்தவாளெல்லாம் கிழவனுக்குப் பைத்தியம்னு நினைச்சிருப்பா. நினைக்கட்டும். அன்னிக்கு என் காதுல அது குரைச்சது விழுந்தது, நீ எழுதினது விழலை. பாவி நான்.

தினமும் காலம்பற ஏழு மணிக்கு உனக்குப் போன் அடிக்கறேன். நீ உடனே கட் பண்ணறே. கோபிச்சுக்கலைடி, அது போதும் எனக்கு. குழந்தை எழுந்தாச்சு, நிக்கறா, கோபமா இருக்கான்னு தெரிஞ்சுண்டு கோயிலுக்குக் கிளம்பறேன். ஜென்மத்துக்கும் பேச வேண்டாம். கட் மட்டும் பண்ணிண்டே இரு.

அப்பா

வியாழன் காலை. இந்தக் கடிதத்தைத் தபால்ல சேர்க்கணும்னு எடுத்து வச்சிருந்தேன். ஏழு மணிக்கு அடிச்சேன். அடிச்சு ஓய்ஞ்சது. மறுபடி அடிச்சேன். நீ கட் பண்ணலை. அஜின் நம்பர் என்கிட்ட இல்லை. இதைக் கையிலேயே எடுத்துண்டு கழக்கூட்டம் பஸ்ஸுக்கு ஓடறேன். நீ ஆபீஸ் போயிருந்தா கதவிடுக்குல சொருகிட்டுத் திரும்பிடறேன். உள்ளே இருந்தா, கண்ணே, திட்டவாவது ஒரு குரல் கொடு.