பீடத்துச் சுவரில் முளைத்த நெல்

இஞ்சாரும் திரேசா,

கூப்பிட்டால் ஆள் வராது, "வாறன், வாறன்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் மட்டும் வருமே, அந்தக் குரலுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

உம்முடைய ஆண்டுத் திருப்பலி போன ஞாயிறு நடந்தது. நான் கோயிலுக்குள் போனதைப் பற்றி முரசுமோட்டை முழுக்க ஒரே கதை. பங்குச் சபை அருளப்பு தோற்றான் என்று பாதிப் பேர், நான் தோற்றேன் என்று பாதிப் பேர். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

வயலைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உமக்குக் காதில் ஏறாது. காலபோக விதைப்புக்கு மழை நேரத்தோடு பெய்தது. பால் பிடிக்கிற நேரத்தில் காற்று கொஞ்சம் பயப்படுத்தியது, பயிரைச் சாய்க்கவில்லை. வாய்க்காலோரத் துண்டில் உம்முடைய மொட்டைக்கறுப்பனைத்தான் இந்த முறையும் விதைத்தேன். "இந்தப் பழைய நெல்லை இப்ப ஆர் மாமா விதைக்கினம்?" என்றாள் மருமகள் நிர்மலா. நான் விதைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் வழக்கைக் கேளும்.

சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த முதல் போகம் ஞாபகம் இருக்கிறதா? கோயிலுக்குக் கூரையில்லை, கதவில்லை. சிலுவையில் பாடுபட்டவரின் சுரூபம் தொங்கிய இடத்தில் ஓர் ஆணி மட்டும் மிஞ்சியிருந்தது. பீடத்தில் வைக்க ஒரு பூக்கூடக் கிடைக்கவில்லை. நீர் வயலுக்குப் போய் முதல் கதிரை அறுத்து வந்தீர். பச்சைக்கரைச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டி அந்த ஆணியில் தொங்கவிட்டீர். அன்றைக்குப் பூசை அந்தக் கதிருக்குக் கீழேதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் முதற்கதிர் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது.

குருவிகள் வந்து கொத்தும். பூசை நடுவில் உமி பறந்து சுவாமியாரின் புத்தகத்தில் விழும். நீர் அதைப் பார்த்துச் சிரிப்பீர். "ஆண்டவர் அதுகளுக்குச் சாப்பாடு போடுறார் எண்டு வாசிச்சுப்போட்டு, பிறகு துரத்தினால் அவருக்கு என்ன மரியாதை?" என்பீர்.

நீர் கண்ணை மூடிய கொஞ்ச நாளில் கோயிலுக்கு வெளிநாட்டு உதவி வந்தது. சுவருக்குப் பூச்சு, தரைக்கு மாபிள், பீடத்துக்குப் பின்னால் சித்திரம். சுவரைச் சீலை போட்டு மறைத்து வேலை நடந்துகொண்டிருந்தபோது போய்ப் பார்க்கிறேன், நீர் கடைசியாகக் கட்டிய கதிர்க்கட்டு பின் அறையில் துடைப்பத்தோடு சாத்திக் கிடக்கிறது. மணியெல்லாம் குருவி தின்று வைக்கோல்தான் மிச்சம். என்றாலும் அது உம்முடைய முடிச்சு.

பங்குச் சபைத் தலைவர் அருளப்புவிடம் கேட்டேன்.

"அண்ணை, புதுக் கோயில். குருவி எச்சம் பீடத்தில விழுது. இனிக் கதிர் கட்டுறேல்லை எண்டு சபை முடிவெடுத்திட்டுது. கவலைப்படாதேங்கோ, சுவரில கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் வருகுது. வடிவா இருக்கும்."

"கோதம்பையை நான் மாவாத்தான் கண்டிருக்கிறன். முரசுமோட்டையில அது எந்த வயலில விளையுது?"

"ஆண்டவர் கோதுமை எண்டுதானே சொன்னவர்?"

"அந்தச் சனத்தின்ர வயலில நிண்டு சொன்னவர். இஞ்ச வந்திருந்தால் நெல் எண்டுதான் சொல்லியிருப்பார். உமக்கும் விளங்கட்டும் எண்டு."

அருளப்பு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. "கதிர் திரும்ப ஏறும்வரைக்கும் என்ர கால் உள்ளுக்க ஏறாது" என்று சொல்லி, உம்முடைய சேலைத்துண்டை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஞாயிறுகளில் நான் இருந்தது கோயிலுக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரை மருதமரத்தின் கீழே. ஒலிபெருக்கியில் பூசை கேட்கும். புதுச் சுவாமியார் இளம் ஆள், நல்ல மனிசன். நற்கருணை கொடுத்து முடித்து, எனக்கென்று வெயிலுக்குள்ளால் மரத்தடிக்கு நடந்து வருவார். ஒரு நாளும் "உள்ளே வாருங்கோ" என்று கேட்டதில்லை. "இந்த மரத்தடி நல்ல குளிர், ஐயா" என்று மட்டும் சொல்வார்.

அந்த மரத்தடியில் இருந்தபடி உம்முடைய பிரசங்கங்களைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். புல்லுப் பிடுங்கிக்கொண்டே செபமாலை சொல்லுவீர். நடுவில் நிறுத்தி, ஆண்டவர் சொன்ன விதைக்கிறவனின் உவமையைக் குறை சொல்லுவீர். "பாதையில எறிஞ்சு, கல்லில எறிஞ்சு, முள்ளுக்க எறிஞ்சு... வயல் செய்யத் தெரியாத மனிசன்." அடுத்த புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எங்களை எறிஞ்ச இடங்களைப் பார்த்தால் அவர் அப்பிடித்தான் எறிவார் போல. எண்டாலும் முளைச்சனாங்கள்தானே?" என்று கேட்டீர். எல்லாரும் முளைக்கவில்லையே, திரேசா.

ஆண்டுத் திருப்பலி கிட்ட வர, நிர்மலா பிடித்துக்கொண்டாள்.

"மாமியின்ர பேர் வாசிக்கேக்க நீங்கள் வெளியில இருக்கப்போறியளோ?"

"மாமியின்ர கதிர் வெளியிலதானே கிடக்குது."

"ஒருக்கா உள்ள வந்து பார்த்திட்டுச் சண்டை பிடியுங்கோவன். பார்க்காமலே என்ன சண்டை?"

அது என்னை உள்ளே இழுக்கும் தந்திரம் என்று நினைத்தேன். ஆனால் அவள் முதலில் கேட்டது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. உம்முடைய பெயரைச் சொல்லும்போது நான் எங்கே இருக்கவேண்டும்?

ஞாயிறு காலை வாய்க்காலோரத் துண்டில் முதற்கதிரை அறுத்தேன். பச்சைக்கரைத் துண்டால் கட்டினேன். முடிச்சு உம்முடையது மாதிரி வரவில்லை. கதிர்க்கட்டை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தேன்.

பூசை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி ஊமையாகிப் போனது. என் காது எப்படி என்று உமக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. சுவாமியாரின் வாயில் உம்முடைய பெயர் வரப்போகிறது, நானோ வாய்க்கால் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழும்பினேன். வாசல்வரைக்கும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பீடத்துக்குப் பின்னால் சுவர் நிறையக் கதிர்.

திரேசா, அது கோதுமை இல்லை!

மா பையில் கோதுமைப் படம் கண்டிருக்கிறேன். விறைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும், கூரெல்லாம் மேலே பார்க்கும். இது கிளை பிரிந்து, மணி கனத்து, தலை தொங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அடியில் தாளோடு தண்ணீர்கூடத் தெரிகிறது. கூரில்லாத மொட்டை நெல். சித்திரத்தைக் கீறியவர் உருத்திரபுரத்து வயற்கார ஆளாம். கோதுமை கீறச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அவர் தன் வீட்டு வாசலில் நின்றதைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூசைக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்க முதல் "திரேசா" என்ற சத்தம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கால் தானாக நடந்தது. கதிர்க்கட்டைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன்.

பூசை முடிய அருளப்பு வந்தார்.

"அண்ணை, இது கோதுமைதான். படம் குடுத்துத்தான் கீறினது."

"கோதுமை உப்பிடித் தொங்குமோ, அருளப்பு? நீரும் வயல் செய்யிறனீர்தானே? இவ்வளவு நாளா இதுக்கு முன்னால முழந்தாளிட்டனீர், கண்ணை மூடிக்கொண்டோ?"

அவர் சுவரைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். சுவாமியார் பக்கத்தில் வந்து, "ஐயா, சொன்னது கோதுமை. கை தனக்குத் தெரிஞ்சதைக் கீறியிருக்கு. இருக்கட்டும், எனக்கும் இதுதான் விளங்குது" என்றார்.

நிர்மலாவிடம் "நீ முதலே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னால் நம்புவியளோ?" என்றாள். உம்மிடம் பழகிய மருமகள்.

வழக்கு முடிந்தது என்று நினைக்காதேயும். சுவரில் நெல் இருந்தாலும் நான் கேட்டது உண்மையான கதிர். குருவி எச்சத்தைச் சொல்லிச் சபை இன்னும் கதிர்க்கட்டைப் பீடத்தடியில் வைக்க விடவில்லை. கடைசியில் அருளப்பு தன் கையாலேயே அதை வாசல் நிலையில் கட்டியிருக்கிறார். இன்று போய்ப் பார்த்தேன். குருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன.

ஒரு குறை. கட்டு நல்லாய்த் தாழ்ந்து, பதிவாகத் தொங்குகிறது. உயரம் குறைந்தவர்கள் நேரே போகிறார்கள். என்னைப் போல நெடியவன் தலையைக் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். வேண்டுமென்று செய்தாரோ தெரியாது. "விளைஞ்ச கதிர் குனியும். பதர்தான் உங்களைப்போல நிமிர்ந்துகொண்டு நிக்கும்" என்று நீர் ஏசுவீரே, யாராவது அவரிடம் சொல்லிக்கொடுத்தார்களோ?

உயர்த்திக் கட்டச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். என் கையில் அரிவாள் பிடிக்கும் பலம் இருக்கும்வரை ஒவ்வொரு மாசியிலும் உம்முடைய வயல் துண்டில் முதற்கதிரை அறுத்து, பச்சைக்கரைத் துண்டால் கட்டி, அதே உயரத்தில் தொங்கவிடுவேன். பீடத்தடியைப் பற்றிய சண்டையையும் விடமாட்டேன். ஆனால் இனி அதை உள்ளே இருந்து பிடிப்பேன்.

உம்மைக் கைப்பிடித்தவன்,
நீர் ஏசிய அதே பதர்,
சவிரிமுத்து