புள்ளி ஒன்பது

10 பிப்ரவரி 2025, திங்கள்

காலையில் கெமிஸ்ட்ரி லேபில் இரண்டு பர்னர் அடைத்துக்கொண்டன. ஊசியால் குத்திக் குத்தி விரல் வீங்கியதுதான் மிச்சம். ரிட்டயர் ஆக இன்னும் மூன்றரை மாதம். அதுவரை ஊசியும் நானும்தான்.

மதியம் வர்ஷினி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். சொந்த ஊர் அவிநாசிப் பக்கமாம். பனியன் கம்பெனி ஷெட்டுகளுக்குள் சூடு எப்படி ஏறுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். அதற்கு இந்த ஊரின் பழைய வெயில் கணக்கு வேண்டுமாம். நம் கல்லூரி மைதானத்து ஓரம் தெர்மாமீட்டர் வைத்த ஒரு வெள்ளை மரப்பெட்டி இருந்ததே, டிசம்பரில் புதுக் கட்டடத்துக்காகக் கழற்றி எறிந்தார்களே, அதன் ரெஜிஸ்டர்களைத்தான் கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். 1996 முதல் 2008 வரை, அந்த வருடம் லேபிலிருந்து ரிட்டயர் ஆன சுப்பையன் எழுதியது. அதற்குப் பிறகு போன வருடம் வரை நான். அவர் 1989இலிருந்தே எழுதினார், ஆனால் முதல் ஏழு வருட ரெஜிஸ்டரைக் கறையான் தின்றுவிட்டது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள். "ஏனுங்க மேடம், பதினாறு வருசத்துல ஒரு நாள் கூட விடலீங்களா? ஞாயித்துக்கெழம கூட இருக்குது!" என்று ஆச்சரியப்பட்டாள்.

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

13 பிப்ரவரி, வியாழன்

மறுபடி வந்தாள். லேப்டாப்பில் ஒரு கோடு காட்டினாள். அன்றாட அதிகபட்ச வெப்பம். 2008 வரை ஒரு மட்டத்தில் போகிறது. அங்கே படியில் இறங்கினாற்போல இறங்கி, அதற்கப்புறம் வேறு மட்டம். வித்தியாசம் புள்ளி ஒன்பது டிகிரி.

"அந்த வருசம் ஏதாச்சும் மாறுச்சுங்களா மேடம்? தெர்மாமீட்டர், பெட்டி வெச்ச எடம்?"

"இல்லம்மா. ஒண்ணும் மாறல."

அவ்வளவு சுலபமாக வந்தது வாயில்.

"அப்ப ஆளு மாறுனதுதானுங்க. முன்னால இருந்தவரு பாதரசத்தை மேலிருந்து பாத்திருப்பாருங்க, கூடுதலாத் தெரியும். அவரோடதுல எல்லா நாளுக்கும் புள்ளி ஒம்பது கழிச்சுட்டா உங்களுதுகூடப் பொருந்திருமுங்க." இப்படித் திருத்துவதுதான் வழக்கமாம். புதிய கணக்கு அப்படியே நிற்கும், பழையதைத்தான் சரி செய்வார்களாம்.

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். சுப்பையனின் பன்னிரண்டு வருடமும் ஒரே நொடியில் கீழே இறங்கிவிட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

14 பிப்ரவரி

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

இதுவரை இந்த டைரியில்கூட எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

2008 ஜூனில் தற்காலிகமாகத்தான் சேர்ந்தேன். அதற்கு முன் ஆறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங், நின்றே வேலை. கல்லூரியில் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலிக்காக நான் எதையும் செய்திருப்பேன், செய்தும்விட்டேன். செப்டம்பர் 11. அதிகபட்ச தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறின இடத்திலேயே நிற்கும், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி. தினமும் காலையில் உதறி இறக்க வேண்டும். உதறினேன். பெட்டிக் கதவின் விளிம்பில் பட்டு உடைந்தது. பாதரசம் மண்ணில் உருண்டது. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். எனக்கு முன் தற்காலிகமாக இருந்தவள் மைக்ராஸ்கோப்பை உடைத்ததற்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவள்.

என் வீட்டுக்காரர் அப்போது வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில் இருந்தார். சாயத் தண்ணீர் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதரசம் நிற்காது, ஏறும், இறங்கும். தினமும் இரண்டரை மணிக்குப் போய்ப் பார்த்து, அதையே அன்றைய அதிகபட்சம் என்று எழுதினேன். உச்சி வெயில் மூன்று மணிக்கு அடித்தாலும் சரி, மூன்றரைக்கு அடித்தாலும் சரி, எனக்கு இரண்டரைதான். அதில் முழு டிகிரிக் கோடு மட்டுமே உண்டு. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணெல்லாம் நான் போட்டது. ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை முழுக்கவே நான் போட்டது.

வேலை நிரந்தரமான பிறகாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பதினாறு வருடம்.

இன்று இவரிடம் பேசினேன். "ஏ ராணி, பதினாறு வருசம் ஆயிட்டுல்லா. இப்பம் போயி எதுக்கு கிளறுத? மே மாசம் மாலைய வாங்கிட்டு வீட்டுக்கு வா" என்றார். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது போல. நிம்மதியாக இருந்தது. சீ.

1 மார்ச், சனி

வர்ஷினி என்னையும் கூட்டிக்கொண்டு காங்கேயம் பக்கம் சுப்பையன் வீட்டுக்குப் போனாள். ஆராய்ச்சியில் எழுத அவரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டுமாம். வரமாட்டேன் என்று சொல்லத் துப்பில்லை எனக்கு.

எழுபத்தைந்து வயது. ஆள் இளைத்திருக்கிறார். அவர் மனைவி தெய்வாத்தாள் மோர் கொண்டுவந்தார். "குடிங்க அம்மிணி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சுப்பையனே வாங்கி என் கையில் கொடுத்தார். வர்ஷினி பக்குவமாகத்தான் சொன்னாள், உங்கள் அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, கழித்துக்கொள்கிறோம் என்று.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ற கண்ணாத்தான் இருக்குமுங்க. ரிட்டயர் ஆன பொறகுதான் ஆப்பரேசன் பண்ணுனது. அதுக்கு முன்னாலயே மங்கல் உழுந்திருக்குமாட்ட இருக்குது." பிறகு, "அப்ப அத்தன வருசமும் தப்பா எழுதிப்போட்டனுங்களா?" என்று கேட்டார். வர்ஷினியைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றார்.

நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுடீ, சொல்லித் தொலையேன் என்று உள்ளே கத்துகிறது. வாயில் மோர் இருக்கிறது. விழுங்கினேன்.

2 மார்ச்

முதல் ஞாயிறு. சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகவில்லை, பொய்யை வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது? தலைவலி என்று இவரிடம் சொன்னேன்.

12 மார்ச், புதன்

வர்ஷினி போன் செய்தாள். சுப்பையன் முதல் ஏழு வருடம் தினமும் தன் சொந்த நோட்டிலும், வருடத்துக்கு ஒன்றாக, ஒரு நகல் எழுதுவாராம், ஆபீசில் யாரோ சொன்னார்களாம். கறையான் தின்ற 1989 முதல் 95 வரை அவரிடம் இருக்கலாம். "புள்ளி ஒம்பது கழிச்சுட்டு அதையும் சேத்துக்கலாமுங்க. நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க மேடம், உங்களுக்குப் பழக்கமாச்சே."

சரி என்றேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். நாளைக்குப் பேசலாம்.

15 மார்ச்

இன்றும் பேசவில்லை. என்ன குரலில் பேசுவது?

17 மார்ச், திங்கள்

சொல்லிவிட்டேன். வர்ஷினியிடம். லேப் ஸ்டோர் ரூமில் நின்றபடியே, ஒரே மூச்சில், தேதியோடு.

அவள் திட்டவில்லை. "ஏனுங்க மேடம், நான் அன்னைக்கே கேட்டேனுங்களே" என்றாள். கேட்டாய் அம்மா. இரண்டு வருட ஆராய்ச்சியில் பாதி போயிற்று அவளுக்கு. பெட்டியே இல்லை இப்போது, சரிபார்க்கவும் வழியில்லை. என்னுடைய பதினாறு வருடத்தையும் எடுத்துவிட வேண்டும், சுப்பையனுடையதை எழுதியபடியே வைக்க வேண்டும் என்றாள்.

"அவருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

நான்தான் என்றேன். சனிக்கிழமை போகிறேன் என்றேன். ஏன் இன்றைக்கே போகவில்லை? திங்கட்கிழமைக்கும் காங்கேயத்துக்குப் பஸ் உண்டே.

22 மார்ச், சனி

போனேன். வாசலில் கட்டிலில் இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"உங்க அளவு சரிதாங்க ஐயா. தப்பு என்னுது." உடைந்தது, மண்ணை மூடியது, இரண்டரை மணி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு இங்க வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியும்."

"மோரு வாங்கிக் குடிச்சீங்களே அம்மிணி."

அவ்வளவுதான் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்பால் அடித்திருக்கலாம் என்னை.

நோட்டுகளைப் பற்றிக் கேட்டதற்குத் தெய்வாத்தாள்தான் சொன்னார். "நீங்க வந்துட்டுப் போன நாள்லருந்து அதையே பொரட்டிட்டுக் கெடந்தாருங்க. தப்புக் கணக்க எதுக்கு வெச்சிருக்கோணும்னு வியாழக்கெழம பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டாரு. ஏழும்."

வியாழக்கிழமை. முந்தாநாள். நான் வர்ஷினி சொன்ன அந்தப் புதன்கிழமையே போன் செய்திருந்தால், திங்கட்கிழமை பஸ் ஏறியிருந்தால்—

காங்கேயத்தில் பழைய பேப்பர் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் தெய்வாத்தாள் சொன்ன ஆள் இருந்தார். "லோடு நேத்தே மில்லுக்குப் போயிருச்சுங்களே." மேசையில் அவர் எடை எழுதிக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தேன். பழைய காக்கி அட்டை. பின்பக்கம் வெற்றுத் தாள் இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டாராம். திருப்பினேன். 1993, ஜனவரி 1.

ஒன்றே ஒன்று. கடைக்குள்ளேயே அழுதுவிட்டேன். அந்த மனுஷர் பயந்துபோய் ஸ்டூலைப் போட்டார்.

4 ஏப்ரல், வெள்ளி

பிரின்சிபால் கூப்பிட்டார். வர்ஷினியின் பேராசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார். என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். "பழைய கதைம்மா, யாரு பாக்கறாங்க. பெருசு பண்ண வேண்டாம். பிரிவு விழாவுல பொன்னாடை உண்டு. ஒரு நாள் விடாம எழுதினீங்கன்னு ஒரு வரி இருந்துச்சு, அத மட்டும் எடுத்திருவோம்" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். தண்டனை என்று ஒன்று கிடைத்திருந்தால் அதோடு தீர்ந்தது என்று இருக்கலாம். இது தீராது. பொன்னாடை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைக் கேட்டு இவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

9 மே, வெள்ளி

மாலை ஐந்து மணிக்கு மேல் லேபில் உட்கார்ந்து 1993ஐ வர்ஷினியின் அட்டவணையில் நானே ஏற்றிவருகிறேன். சில இடங்களில் மை ஊறி எண் தெரியவில்லை. யூகித்துப் போட மாட்டேன். மே 17: முப்பத்தொன்பது புள்ளி ஒன்றா, ஏழா?

சுப்பையனுக்குப் போன் செய்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல்முறை. "உங்க நோட்டைக் கடையில வாங்கிட்டேன் ஐயா, ஒரு எண்ணு தெரியல" என்றேன். கேட்டுவிட்டு, "நெனப்பில்லீங்க" என்று வைத்துவிட்டார்.

சரி. வைக்க வேண்டியவர்தான்.

10 மே, சனி

காலையில் அவரே கூப்பிட்டார். நலமா என்றெல்லாம் இல்லை.

"ஏழுன்னா நடுவுல ஒரு சின்னக் கோடு இழுப்பனுங்க. இருக்குதான்னு பாருங்க."

நோட்டு வீட்டில்தான் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருந்தது.

"அப்ப ஏழு. வேற எங்க சந்தேகம்?"

பதினொரு இடம் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சுழியைச் சொல்லிக் கேட்டேன், எந்த எண்ணை எப்படிப் போடுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டுக்கு மட்டும், தெரியாது, விட்டுருங்க என்றார். விட்டேன். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்து தொண்ணூத்தி நாலுங்களா?" என்றார்.

ஏழும் என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இல்லீங்க ஐயா. இது ஒண்ணுதான் கெடச்சுது. மத்த ஆறும் மில்லுக்குப் போயிருச்சு." அப்படியே சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்கவில்லை.

அந்தப் பக்கம் தெய்வாத்தாள் யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"செரி. அத ஒண்ணையாச்சும் ஒழுங்கா எழுதுங்க" என்றார். அப்புறம்தான் வைத்தார்.

1993 ஜூன் வரை ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை ஜூலை.