மின்விசிறிக்கு நேரே வைத்த மைக்

மார்ச் 6, வெள்ளி

நீயே சொல்லு சாமி, இருபது வருஷமாக உன்னைப் பாடுகிற தொண்டை ஒரே மாதத்திலா ஓட்டையாகும்? இன்றும் குரல் மேலே ஏறியதும் ஸ்பீக்கரில் பிய்ந்து போயிற்று. பிரார்த்தனைக் கூடத்துச் செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வயசாச்சும்மா. அடுத்த வாரமும் இப்படின்னா டிராயிங் டீச்சரைப் பாடச் சொல்லிடலாம்." சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவ நல்லாத்தான் பாடுவா— அதான் வயிறு எரியுது.

மார்ச் 7

வெந்நீர், தேன், மிளகு. உனக்குக் கூடுதலாக ஒரு விளக்கு.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி ரேடியோ மெக்கானிக். கூடத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் அவன் கட்டியதுதான். அவனைக் கூட்டிப்போய் மைக்கில் பாடினேன். பிறகு மைக் இல்லாமல் பாடச் சொன்னான்.

"உன் தொண்டைக்கு ஒண்ணுமில்லக்கா. மைக்குக்கு நேரா ஃபேனை யாரு வச்சா?"

நான்தான். வியர்க்கிறது என்று போன மாதம் கேட்டு வாங்கி வைத்ததே நான்தான்!

காற்று மைக்கில் மோதுவது நம் காதுக்கு அவ்வளவாகக் கேட்காதாம். ஆனால் 'கும்'மென்ற அந்த அடிச்சத்தத்திலேயே ஆம்ப்ளிஃபயருக்குள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் திணறிவிடுகிறதாம். அப்புறம் என் குரலுக்கு எங்கே இடம்?

"ஃபேனை நிறுத்திட்டுப் பாடேன்."

"அது நின்னா நானும் நின்னுடுவேன்டா."

"அப்ப ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் போடறேன். அடிச்சத்தத்தை வாசல்லயே நிறுத்திட்டு மத்ததை உள்ள விடும்."

மார்ச் 10, செவ்வாய்

போட்டான். இத்தனூண்டு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். பாடினேன். உடையவில்லை. ஆனால் கொசு பாடுகிற மாதிரி இருந்தது!

"என்னடா, காத்தோட சேர்த்து என்னையும் வெளிய நிறுத்திட்டியே!"

தலையைச் சொறிந்தான். "வடிகட்டல் ஜாஸ்தியாயிடுச்சுக்கா. கெப்பாசிட்டரைப் பெருசா மாத்தறேன்."

மார்ச் 12

மாற்றிவிட்டானாம். கூடம் பூட்டியிருந்தது, பாடிப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு நீதான் துணை.

மார்ச் 13, வெள்ளி

சாமி! ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உச்சிக்குப் போனேன். போனது மட்டுமா, அங்கேயே கொஞ்சம் நின்றும் காட்டினேன். துளி பிசிறில்லை. செயலாளர் ஓடி வந்தார். "என்ன மருந்தும்மா சாப்பிட்டீங்க?"

"நான் சாப்பிடலைங்க. உங்க ஆம்ப்ளிஃபயர்தான் சாப்பிட்டுச்சு."

டிராயிங் டீச்சர் என் கையைப் பிடித்து, "அக்கா, அந்த ரெண்டாவது பாட்டை எனக்கும் சொல்லித் தாங்க" என்றாள். அடுத்த வாரம் அதைச் சேர்ந்தே பாடலாம் என்றேன். வயிறு எரியவில்லை, நிஜமாகத்தான்.

அட, இப்போதுதான் நினைவு வருகிறது— காலையிலிருந்து எனக்குச் சரியான ஜலதோஷம்.