சட்டைப்பையில் கரைந்த மாத்திரை

12 ஜூன், வியாழன்

முட்டை வண்டியை அனுப்பிவிட்டுச் சேலம் போனோம். இவருக்கு மூன்றாவது ஊசி. நுரையீரல் கட்டி கீமோவுக்குக் கேட்கவில்லை என்றுதான் இந்தப் புது ஊசி. டாக்டர் பிரவீனாவுக்கு என் மகள் மதுமதி வயசுதான் இருக்கும். இன்றைக்கும் பொறுமையாகச் சொன்னாள். உடம்பில் காவல் அணுக்கள் இருக்கின்றனவாம். கெட்டதைக் கண்டால் கொன்றுவிடும். ஆனால் புற்று அணு அதனிடம் "நான் நம்ம ஆளுதான்" என்று கை காட்டிவிடுகிறதாம். காவலும் தொடாமல் போய்விடுமாம். அந்தச் சைகை காவலின் கண்ணில் படாமல் மறைப்பதுதான் ஊசியின் வேலை.

திரும்பும்போது இவர் சொன்னார்: "நம்ம பண்ணை நாய் கதைதான் அம்மிணி. வேலைக்கு இருந்த கதிர் முட்டை திருடறப்ப அது கொலைச்சுதா? தெனம் சோறு போட்டவனாச்சே!" சிரித்துவிட்டேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

19 ஜூன்

அலுப்பு. வேறொன்றும் எழுத இல்லை.

28 ஜூன், சனி

நான்கு நாளாக இவருக்கு வயிற்றுப்போக்கு. சூடு என்று வெந்தயமும் மோரும் கொடுத்தேன். "டாக்டருகிட்டச் சொல்லிப்போடாத, ஊசிய நிறுத்திப்புடுவாங்க" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் – என்ன புத்தியோ. இன்று காலையில் ரத்தம். உடனே கூட்டிக்கொண்டு ஓடினேன்.

அவிழ்த்துவிட்ட காவல் அணுக்கள் இப்போது குடலையே தாக்குகின்றனவாம். அதை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னாள்.

4 ஜூலை

இன்னும் நிற்கவில்லை. சட்டை தொளதொள என்று ஆகிவிட்டது. காலையில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனால், "வெச்சுட்டுப் போ" என்கிறார். கோயம்புத்தூரிலிருந்து மதுமதி, "நான் வாரேம்மா" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வந்தால் அவளுக்கும் சேர்த்துத் தைரியம் சொல்ல வேண்டுமே, அதற்குத் தெம்பு இல்லை.

7 ஜூலை, திங்கள்

துவைக்க ஊறப்போட்ட இவர் சட்டைப்பையில் கையை விட்டேன். வெள்ளையாகக் கரைந்த மாவு. ஓரத்தில் கரையாத பாதி மாத்திரை.

பண்ணைக்கே ஓடினேன். கோழி செட் வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிரே நீட்டினேன். முகம் மாறவில்லை.

"குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து தண்ணியில வுடறப்ப என்ன பண்ணுவோம்? மொத நாளே மத்த மருந்தெல்லாம் நிறுத்திப்போடுவோம். குளோரின் கூடக் கலக்கமாட்டோம். இல்லீனா தடுப்பு மருந்து செத்துப்போயிரும். இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியக் கொறைக்கும்னு அந்தப் புள்ளையே சொல்லுச்சுல்ல? நான் என்ற ஊசியக் காப்பாத்தறேன்."

இத்தனை வருஷம் பண்ணையைக் காப்பாற்றிய கணக்கு அது. ஐயோ, அதைக் கொண்டுவந்து தன் உடம்பிலா போடுவார்!

"நீங்க என்ன கோழியாங்க?" என்று கத்தினேன். உள்ளே தீவனம் போட்டுக்கொண்டிருந்த கண்ணுசாமி எட்டிப் பார்த்தான். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், எழுந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார்.

8 ஜூலை

ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறுகிறது, ஸ்டீராய்டும் ஊசியாகவே. இன்னும் தாமதித்திருந்தால் குடல் ஓட்டையாகியிருக்குமாம்.

டாக்டர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இவர்தான் கேட்டார்: "மாத்திரை தின்னா ஊசி வீணாப் போயிருமுங்களா?"

"போகாதுங்க ஐயா. நீங்க குஞ்சுக்குக் குடுக்கறது உயிருள்ள கிருமி, மருந்து பட்டா செத்துரும். உங்களுக்குப் போட்டது கிருமி இல்லீங்க. காவலை எழுப்பியாச்சு. மாத்திரையால அது பெரும்பாலும் தூங்கிப் போயிறாது."

அடுத்து அவளே மெதுவாகச் சொன்னாள், இனி இந்த ஊசி போட முடியாது, குடல் தாங்காது என்று. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வராண்டாவில் அவளைப் பிடித்துக் கேட்டேன்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தொடர்ந்திருக்கலாமா? "சொல்ல முடியாதுங்கம்மா" என்றாள்.

எனக்கு இவர் மேல் அப்படி ஒரு கோபம். கால் அமுக்கிவிட்டுக்கொண்டே கோபமாக இருந்தேன்.

16 ஜூலை

வீட்டுக்கு வந்தோம். ரசம் சாதம். தட்டை வைத்துவிட்டு நான் தனியாகச் சாப்பிட்டேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஸ்கேன். கட்டி பாதியாகிவிட்டது. ஊசி நின்ற பிறகும் வளரவில்லை. "இனிமே அது காவல ஏமாத்தாதுங்களா?" என்று கேட்டேன். "மறுபடி வேற வழி கண்டுபிடிக்கலாம்மா. பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றாள் டாக்டர். சந்தோஷப்படலாமா கூடாதா என்றே தெரியவில்லை. பரவாயில்லை, இன்றைக்குத் தூங்கலாம்.

2 செப்டம்பர், செவ்வாய்

புதுக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து. விடிந்ததும் இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு செட் வாசலில் உட்கார்ந்துவிட்டார். மருந்து கெடாமல் இருக்கக் கண்ணுசாமி தண்ணீரில் பால் பவுடர் கலக்கினான். "நேத்தே குளோரின நிறுத்தினயா? வேற மருந்து ஒரு சொட்டு இருக்கக்கூடாது சாமி" என்று அவனை ஒரு வழி பண்ணினார். சமையலறை வரைக்கும் கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினேன். இவருக்கு மாத்திரை குறைந்து குறைந்து பாதிக்கு வந்திருக்கிறது, அதையும் இன்னும் இரண்டு வாரம் விடக்கூடாது.

குஞ்சுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதும் மெல்ல நடந்து சமையலறைக்கு வந்தார். கையை நீட்டினார்.

"என்ற மாத்திரையக் குடு அம்மிணி. நிறுத்தறது கோழிக்குத்தான்."

கொடுத்தேன். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார். நாக்கையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார்.